பேர் வெட்டிய பலகை

"அண்ணை, இது அதிலை இருக்காது," என்றார் ஜெயதீபன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, படியேறிப் போகவேண்டிய அவருடைய கம்பியூட்டர் கடையில், கண்ணாடி மேசைமேல் இரண்டு தாம்பாளங்கள் இருந்தன. ஒன்றில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழச் சீப்பு, நடுவில் ஒரு மதர்போர்டு. மற்றதில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, நடுவில் ஒரு புரொசசர். இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தது.

"ஏன் இருக்காது? ரெண்டும் புதுசுதானே?" என்றார் செல்லசாமி.

"புதுசுதான். ஆனா இந்தச் சில்லுக்குக் கீழை கால் இருக்குப் பாருங்கோ. நானூற்றி எழுபத்தெட்டுக் கால். கால் இருந்தா, போர்டிலை ஓட்டை இருக்கவேணும். உங்கட போர்டிலையும் காலெல்லோ இருக்கு!"

செல்லசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். உண்மைதான்.

"அதாவது, ரெண்டும் மாப்பிள்ளை வீடு. பொண்ணு வீடுன்னு யாருமே இல்ல."

"அப்பிடியும் சொல்லலாம்."

செல்லசாமி முப்பது வருஷமாகத் தேயிலை பெக்டரியில் பிட்டர். வெள்ளைக்காரன் விட்டுப்போன ரோலருக்கு, அவன் பேரன் காலத்தில்கூடக் கிடைக்காத உதிரிப்பாகங்களை இரும்புத் துண்டில் ராவி எடுத்து ஓட வைப்பவர். 'பொருந்தாது' என்பது கையில் அரம் இல்லாதவன் சொல்லும் சொல் என்பது அவர் கட்சி. ஆனால் அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சீர்வரிசை கொட்டகலையில் மாப்பிள்ளை வீட்டில் இறங்கியாக வேண்டும். அடுத்த வியாழன் கல்யாணம்.

மகள் பூரணிக்கு வயது இருபத்தேழு. அதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில், ஒன்று உயரத்தில். மூன்றாவது மாப்பிள்ளை கையை நனைத்துவிட்டுப் போனவன்தான், அடுத்த செய்தி குவைத்திலிருந்து வந்தது. நாலாவது வந்தது தானாக வந்தது. பூரணி ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற நாகலெட்சுமி, பொழுது போகாமல் அந்த வகுப்பில் சேர்ந்தார். ஒரு வருஷம் விடாமல் படித்தார். பிறகு புருஷனையும் மகனையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டார்.

பெண் பார்த்த அன்று டீச்சர் ஜாதகம் கேட்கவில்லை. சமைப்பாளா என்று கேட்கவில்லை. "இடது கையைக் காட்டு," என்றார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். "போதும்," என்றார்.

"பொம்பளைக்கு இடது கை ரேகைதாங்க பாப்பாங்க," என்று அடுப்படியில் செல்லசாமியின் மனைவி பேச்சியம்மா கிசுகிசுத்தாள். "படிச்சவங்க பாருங்க, அதுவும் தெரிஞ்சு வச்சிருக்காங்க."

"நகை வேணாம், அலுமாரி வேணாம், கட்டில் வேணாம்," என்றார் டீச்சர். "ஒரு கம்பியூட்டர் மட்டும் போதும். நல்லா கேம் வெளையாடுற மாதிரி இருக்கணும்." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கரும்பலகை எழுத்தில் பதினோரு வரி.

மாப்பிள்ளை லக்ஸ்மன் தபால் கந்தோரில் வேலை. தலையைக் குனிந்து பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் போனதும் பேச்சியம்மா ஆரம்பித்தாள். "என்னாங்க, முப்பது வயசு ஆம்பளைக்கு வெளையாட்டுப் பொட்டியா? அவன் அதுக்கு முன்னால குந்திக்கிட்டு டப்பு டப்புன்னு சுடுவான். நம்ம புள்ள பக்கத்துல தேத்தண்ணிக் கோப்பையோட நிக்கணும். அதுக்கா பெத்தோம்?"

செல்லசாமிக்கும் அதே பயம்தான். கொட்டகலைக்குப் போய் சலூனில் விசாரித்தார், பஸ் கண்டக்டரிடம் விசாரித்தார், ரெயில்வே ஸ்டேஷனில் விசாரித்தார். எல்லோரும், "தங்கமான புள்ள," என்றார்கள். பத்துக் கடையிலும் ஒரே மாதிரிப் புகழ்கிற சரக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது சந்தைக்குப் போன எவனுக்கும் தெரியும். அவர் மேலும் கலங்கினார்.

ஆனால் பூரணி, "எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள். மூன்று தடவையும் அவள் வாயிலிருந்து வராத சொல். அதற்குமேல் அவர் என்ன பேச?

சீர் என்றால் உறவுகள் பங்கு போட்டுச் செய்வதுதான் வழக்கம். ஒருவர் அண்டா, ஒருவர் குத்துவிளக்கு, ஒருவர் மெத்தை. அதே மாதிரி செல்லசாமி லிஸ்ட்டைக் கிழித்துத் துண்டு துண்டாகக் கொடுத்தார்.

"மதர் போர்டுன்னா தாய்ப் பலகை," என்றார் பேச்சியம்மாவின் அண்ணன், பூண்டுலோயா மாமா. "தாய்மாமன் நான் இருக்கையில வேற எவன் எடுப்பான்?"

"அப்ப மூளையை நாங்க எடுத்துக்கிறோம்," என்றார் செல்லசாமியின் நானுஓயா சித்தப்பா. "எங்க பக்கத்துல அதுக்குப் பஞ்சமில்ல."

மெமரியைச் செல்லசாமியின் அக்கா எடுத்துக்கொண்டாள். குடும்பத்தில் யார், எந்த வருஷம், எந்தப் பந்தியில், யாரை என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் ஒப்பிக்கக்கூடியவள்.

"லிஸ்ட்டுல உள்ளதை அப்படியே வாங்கச் சொல்லுங்கப்பா. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்," என்று பூரணி சொன்னாள்.

"சரிம்மா, தேத்தண்ணி கொண்டா," என்றார்கள் எல்லோரும்.

சித்தப்பா லிஸ்ட்டில் உள்ளபடியே வாங்கினார். அவர் வாங்கிவிட்டார் என்ற செய்தி பூண்டுலோயாவுக்குப் போயிற்று. மாமா கண்டிக்குப் பஸ் ஏறினார். லிஸ்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கடையில இருக்கிறதுலயே ஆகப் புதுசு, ஆகப் பெருசு எது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த முதலாளியும் இல்லை என்று சொன்னதில்லை.

அதோடு நின்றிருக்கலாம். சீர் சாமானில் கொடுத்தவர் பேர் இல்லாவிட்டால் அது எப்படிச் சீராகும்? ஹட்டன் பாத்திரக்கடையில் அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் பேர் வெட்டுகிற மெஷின் உண்டு. சித்தப்பா புரொசசரின் வெள்ளிமுதுகில், பெருவிரல் நக அகலத்துக்குள், 'நானுஓயா சித்தப்பா' என்று வெட்டுவித்தார். மாமாவுக்கு இடம் தாராளம். பலகையின் குறுக்கே, 'பூண்டுலோயா தாய்மாமன் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று கொட்டை எழுத்தில் வெட்டச் சொல்லிவிட்டார்.

இப்போது ஜெயதீபன் அந்த எழுத்துகளைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் வெட்டின சாமானை ஒரு கடையும் திருப்பி எடுக்காதண்ணை. ஒண்டு இதை விடவேணும், இல்லாட்டி அதை விடவேணும்."

தாய்மாமனை விடுவதா? கல்யாணத்தன்று மணவறைக்குப் பெண்ணைக் கூட்டி வருகிறவர் அவர். செல்லசாமி சித்தப்பாவை விடுவது என்று முடிவு செய்தார். பலகைக்கு ஏற்ற வேறு புரொசசர் ஒன்றை வாங்கினார். சொல்லாமல் மாற்றினால் சித்தப்பா எப்படியும் கண்டுபிடிப்பார் என்பதால், செவ்வாய்க்கிழமை ரெயில் ஏறி நானுஓயாவுக்குப் போய்ப் பக்குவமாகச் சொன்னார்.

"அவன் பலகைக்காக என் மூளையைத் தூக்கி வீசுறியா?" என்றார் சித்தப்பா.

"வீசல சித்தப்பா. பூசையறையில வச்சிருப்போம்."

"வேலைக்கு ஆகாததைத்தானடா பூசையறையில வைப்பீங்க? கொண்டா இங்க!" புரொசசரைப் பிடுங்கி வெற்றிலைப் பைக்குள், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் திணித்தார். "நான் கல்யாணத்துக்கு வரல. என் பக்கத்துப் பதினெட்டுக் குடும்பமும் வராது."

புதன்கிழமை பலகையில் புதுச் சில்லு அம்சமாக உட்கார்ந்தது. இப்போது அக்காவின் மெமரி உட்காரவில்லை. அந்தப் பட்டையின் அடியில் ஒரு வெட்டு இருக்கிறது. பலகையின் பள்ளத்தில் ஒரு மேடு இருக்கிறது. இரண்டும் ஒரு நூல் விலகி நின்றன.

"இது லிஸ்ட்டிலை உள்ள பழைய சாதி. இந்தப் போர்டு கேக்கிறது வேறை சாதி," என்றார் ஜெயதீபன்.

"இங்கயுமா?" என்றார் செல்லசாமி.

ஒரு நூல்தானே? முப்பது வருஷ அனுபவம் அவர் கையில் துறுதுறுத்தது. பெக்டரிக்குப் போய், பட்டையை வைஸில் பிடித்து, அரத்தால் நாலு இழு. கடைக்குத் திரும்பி, ஜெயதீபன் போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதைப் பள்ளத்தில் அழுத்தினார். க்ளிக் என்று உட்கார்ந்தது. பெருமையோடு சுவிட்சைப் போட்டார்.

தேயிலை கருகினால் மூன்றாம் மாடியிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு அவருடையது. ஆனால் இது தேயிலை இல்லை.

ஜெயதீபன் போனை வைத்துவிட்டு ஓடி வந்தார். பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

"மெமரி செத்துப் போச்சு. போர்டைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ."

"அது தப்பிச்சிருச்சா?"

"இல்லை, அது முதலே செத்திட்டுது. 'அன்பளிப்பு' எண்டு வெட்டியிருக்கிறாங்களெல்லே, அந்த இடத்திலை கம்பிப் பாதை நாலும் அறுந்துபோச்சு. நீங்கள் அரம் போடாட்டியும் இது ஓடியிராது."

வியாழக்கிழமை செல்லசாமி மறுபடியும் நானுஓயா ரெயிலில் இருந்தார். இந்தத் தடவை தாம்பாளத்தில் வேட்டி சால்வையும் இருந்தது.

"சித்தப்பா, உங்க மூளை இல்லாம ஒண்ணும் ஓடாதுன்னு கடைக்காரரே சொல்லிட்டாரு."

"சொன்னாரா?"

"எழுதித் தரவான்னு கேட்டாரு."

சித்தப்பா இளகி, வெற்றிலைப் பையைத் திறந்தார். சுண்ணாம்பும் பாக்குத்தூளும் ஒட்டிய புரொசசர் வெளியே வந்தது. பாக்குவெட்டி ஏறி நின்றதில் கால்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்திருந்தன. செல்லசாமி எண்ணிப் பார்த்தார். அறுபத்தொன்று.

வெள்ளிக்கிழமையும் லீவு போட்டுவிட்டு, பேச்சியம்மாவின் தையல் ஊசியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அறுபத்தொரு கால்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அந்த வாரத்தில் அவர் செய்து சரியாக வந்த காரியம் அது ஒன்றுதான். பூரணி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மவுஸ் மட்டும் நல்லதா பாருங்க. பிடிச்சா வழுக்கக்கூடாது."

செல்லசாமி ஊசியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். தாலி ஏறவில்லை, அதற்குள் புருஷன் கை வழுக்கக்கூடாது என்று கவலைப்படுகிறது பிள்ளை!

லிஸ்ட்டில் உள்ளபடியே ஒரு பலகை, லிஸ்ட்டில் உள்ளபடியே மெமரி, சித்தப்பாவின் சில்லு. ஜெயதீபன் பூட்டி முடித்ததும் மெஷின் ஒரே தட்டில் ஓடியது. "முதலே லிஸ்ட்டைப் பார்த்து வாங்கியிருந்தா, தலையிடியே இல்லை," என்றார் அவர். "எழுதின ஆள் விஷயம் தெரிஞ்ச ஆள்."

"மாப்பிள்ளைதான் சொல்லி எழுதியிருப்பாரு," என்றார் செல்லசாமி கசப்போடு.

சனிக்கிழமை காலையில் பூண்டுலோயா மாமா வந்து இறங்கினார். செய்தி பஸ்ஸில் அவருக்கு முன்னாலேயே போயிருந்தது.

"என் பலகை எங்க மச்சான்?"

"உள்ள இருக்கு மச்சான்."

"தொறந்து காட்டு."

திறந்தால் மொட்டைப் பலகை. மாமா தோளில் கிடந்த துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "நாளைக்கு அந்த வீட்டுல எல்லாரும் என் பேரைப் படிக்கணும். படிக்க முடியலன்னா வியாழக்கிழமை புள்ளையை மணவறைக்குக் கூட்டிட்டு வர வேற மாமனைத் தேடிக்க."

பேச்சியம்மா அழத் தொடங்கினாள். செல்லசாமி மெஷினைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு துளைக்கும் மெஷினை எடுத்தார். பெட்டியின் பக்கத் தகட்டில் நாலு துளை போட்டு, நாலு பித்தளை போல்ட்டால் மாமாவின் செத்த பலகையை வெளிப்பக்கமாக, எழுத்துத் தெரிய, முடுக்கினார்.

மாமா எட்ட நின்று படித்தார். கிட்ட வந்து படித்தார். "இது சரி. உள்ள கெடந்தா எவனுக்குத் தெரியும்?"

மத்தியானம் சித்தப்பா வந்தார். "அவன் பேர் வெளிய வெயில் வாங்குது, என் பேர் காத்தாடிக்குக் கீழ நசுங்குதா?"

வேண்டாமல் வாங்கிய புதுச் சில்லு ஒன்று சும்மா கிடந்தது. செல்லசாமி பாத்திரக்கடைக்கு ஓடிப்போய் அதில் சித்தப்பாவின் பேரை வெட்டிக்கொண்டு வந்து, மாமாவின் பலகைமேல் பதித்தார். சாயங்காலம் அக்கா வந்தாள். எழுபத்தெட்டாம் வருஷத்துப் பந்தியிலிருந்து தொடங்கினாள். அரத்தில் ராவிய மெமரியும் அதன் பள்ளத்தில் ஏறியது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் ஏறியது இரண்டு கம்பியூட்டர். உள்ளே இருந்தது ஓடும், பார்க்க முடியாது. வெளியே இருந்தது பார்க்கலாம், ஓடாது. நல்ல வேளை, உறவில் வேறு யாரும் வரவில்லை.

கொட்டகலையில் டீச்சர் வீட்டு ஹாலில் மேசை தயாராக இருந்தது. தாம்பாளங்களை வரிசையாக இறக்கினார்கள். டீச்சரின் புருஷன் அழகன், மூலை நாற்காலியில் பத்திரிகையோடு இருந்தார். பெண் பார்க்க வந்த அன்றும் அவர் வாயைத் திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சரோடு குடும்பம் நடத்தியவர், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெளிப்பலகையைப் பார்த்தார். பின்பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி வெளியே பார்த்தார். மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"வெளிய இருக்கிற போர்டு புது ரகம். உள்ள ஓடுறது நான் எழுதின ரகம். இந்த மெமரியை யாரோ ராவியிருக்காங்க," என்றார் டீச்சர். "வெளிய இருக்கிறது எதுக்குங்க?"

மூன்று இடம் தட்டிப்போனது செல்லசாமியின் கண்முன் வரிசையாக வந்து நின்றது. இது நாலு.

"அது... மரியாதைக்குங்க டீச்சர்."

டீச்சர் மாமாவைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். அக்காவையும் பார்த்தார். முப்பது வருஷம் பெற்றோர் கூட்டம் நடத்தியவர்.

"அப்ப சரி. காத்துப் போக வழி விட்டுத்தான் பூட்டியிருக்கீங்க," என்று சுவிட்சைப் போட்டார். திரை வெளிச்சமானது. செல்லசாமி ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"மாப்பிள்ளை, வந்து உக்காந்து பாருங்க," என்றார், நடப்பது நடக்கட்டும் என்று.

லக்ஸ்மன் அடுப்படியிலிருந்து வந்தான். கையில் தேத்தண்ணித் தட்டு. பன்னிரண்டு கோப்பை, ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா," என்றான் வெட்கத்தோடு. "தொட்டா ஷாக் அடிக்கும்ன்னு பயம். சீனி போதுமா பாருங்க."

செல்லசாமி கோப்பையை வாங்கிக்கொண்டு பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். இடது கையின் விரல்கள் விசைப்பலகையின் ஓர் ஓரத்தில், பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தன. வலது கை மவுஸைத் தூக்கி எடை பார்த்தது.

"இந்த மவுஸ் யார் சொல்லி வாங்கினது?"

"மக சொல்லித்தாங்க."

"நெனச்சேன்," என்றார் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு.

செல்லசாமிக்கு மெல்ல மெல்ல விடிந்தது. நாற்காலியை மூலைக்கு நகர்த்தி, அழகன் காதருகே குனிந்தார்.

"அப்ப சம்பந்தி, இந்த வெளையாட்டுப் பொட்டி மாப்பிள்ளைக்கு இல்லையா? டீச்சருக்கா?"

அழகன் பத்திரிகையை மடித்து முழங்காலில் வைத்தார்.

"டீச்சருக்கு ஒண்ணு உள் அறையில இருக்குங்க, இது மருமகளுக்கு. ஒரு வருஷமா பஸ் ஏறி ஹட்டனுக்குப் போயி, கேம்ல அந்தப் புள்ளகிட்ட சுடுபட்டு சுடுபட்டுத் தோத்துட்டு வர்றா, இந்த வயசுல அலைச்சல் தாங்கலன்னுதான் பொண்ணையே கேட்டு வந்தோம்."